அப்பாவோட ஜப்பானில சாக்கே வடிசாலை பாக்கப் போறம், போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ

கொக்குவிலான்:

வணக்கம் எல்லாருக்கும். தம்பி ஒசாக்காவில முதியோர் பராமரிப்பு வேலையில நிக்கிறான், மூண்டு வருசம் முடிஞ்சுது, இன்னும் வீட்டுப் பக்கம் வரேல்லை. அதால நாங்களே போவம் எண்டு முடிவெடுத்திட்டம், அப்பா அம்மா நான், 12 நாள். மார்கழிக் கடைசி எண்டு யோசிக்கிறம், ரிக்கெற் இன்னும் போடேல்லை. கியோட்டோ, நாரா மான், புல்லட் ரெயின் எல்லாம் தம்பி எழுதி வைச்சிருக்கிறான். பிரச்சினை அப்பாதான். அவருக்கு உதொண்டும் வேண்டாமாம், "சோத்தில கள்ளு எடுக்கினமாமே, அந்த இடத்தை ஒருக்கா காட்டுங்கோ, போதும்" எண்டு நிக்கிறார்.

அப்பா 27 வருசம் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கமொண்டில வேலை செய்தவர், கடைசிப் பத்து வருசம் தவறணை, அதுதான் சங்கத்தின்ர கள்ளுக்கடை, மனேச்சர். விடியக் காலமை கள்ளு முட்டியள் வரேக்க பக்கத்தில நிண்டு அளந்து எழுதின மனிசன். பெரிசாக் குடிக்கிற ஆளில்லை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பிளாக் கள்ளு, அவ்வளவுதான். ஆனா முட்டியை மணந்து பாத்தே எப்ப இறக்கினது, தண்ணி விட்டிருக்கோ இல்லையோ எண்டு சொல்லிப்போடுவார், அதில அவரை ஏய்க்க ஏலாது. வயசு 69, சீனி வருத்தம் இருக்கு, பிரசரும் கொஞ்சம்.

ஒசாக்காவில நிண்டுகொண்டு ஒரு நாளில போய்வரக்கூடிய வடிசாலை எது, உள்ள விடுவினமோ இல்லாட்டி கண்ணாடிக்கு வெளிய நிண்டு பாக்கிறதோ, முதலே புக் பண்ணோணுமோ, இங்கிலிஷில சமாளிக்கலாமோ (தம்பி ஜப்பான் பாசை கதைப்பான், ஆனா அவனுக்கு லீவு கிடைக்குமோ தெரியாது), ருசி பாக்கத் தாறது எண்டா எவ்வளவு தருவினம். அம்மா விரதக்காரி, சாராய வாசம் எண்டாலே சீலைத்தலைப்பை மூக்கில வைக்கிற ஆள், அவாவையும் கூட்டிக்கொண்டு போகலாமோ இல்லாட்டி தம்பியின்ர றூமிலயே விட்டிட்டுப் போறதோ?

நாடோடி_கோபே:

தம்பி, முதல் ஒரு திருத்தம். எங்கட ஊர்ப்பக்கம் திக்கத்தில பனஞ்சாராயம் வடிக்கக் கட்டின இடம்தான் வடிசாலை. சாக்கே வடிக்கிற சாமான் இல்லை, புளிக்கவைச்சுப் பிழிஞ்செடுக்கிறது, கள்ளின்ர பக்கம்தான் சேரும். ஜப்பானில வடிச்செடுக்கிறதுக்குப் பேர் ஷோச்சு. அப்ப அப்பா சொன்ன "சோத்தில கள்ளு" சரி, நீர் சொன்ன வடிசாலைதான் பிழை :) சாக்கே செய்யிற கட்டடத்தை இஞ்ச குரா எண்டு சொல்லுவினம்.

நான் கோபேயில 11 வருசமா இருக்கிறன், ஊரிலயிருந்து ஆர் வந்தாலும் இந்தக் கேள்விதான். ஒசாக்காவிலயிருந்து ரெண்டு பக்கம் போகலாம். ஒண்டு நதா, கோபேக்கும் நிஷினோமியாவுக்கும் இடையில கடற்கரையோட இருக்கிற அஞ்சு ஊர். மற்றது கியோட்டோவுக்குத் தெற்கால ஃபுஷிமி. ரெண்டும் நூற்றாண்டுக் கணக்கா சாக்கே செய்யிற இடங்கள். நதாவில ஹக்குட்சுரு கொம்பனி 1743 இல தொடங்கினது, அவையின்ர பழைய குரா ஒண்டை மியூசியமா வைச்சிருக்கினம், உள்ள போகக் காசில்லை. பழைய மரத்தொட்டியள், அரிசி அவிக்கிற பெரிய சட்டியள், ஆள் உயரத்துக்குப் பொம்மையள் வேலை செய்யிற மாதிரி நிப்பாட்டி வைச்சிருக்கு, இங்கிலிஷ் விளக்கமும் இருக்கு, முடிவில ருசி பாக்கலாம். ஒசாக்கா உமேதா ஸ்டேசனில ஹன்ஷின் ரெயின் எடுத்து சுமியோஷியில இறங்கினா நடந்து போற தூரம்தான், ஆனா எக்ஸ்பிரஸ் சுமியோஷியில நிக்காது, உவோசாக்கியில இறங்கி லோக்கலுக்கு மாறுங்கோ. நானே ரெண்டு தரம் ஸ்டேசனைத் தாண்டிப் போனனான்.

ஒண்டை விளங்கிக்கொண்டு போங்கோ, அது மியூசியம். இப்ப சாக்கே செய்யிறது பக்கத்தில இருக்கிற பெரிய ஃபக்ரறியில, அதுக்குள்ள விடமாட்டினம். பழைய மரக் குராக்கள் நதாவில கனக்க இருந்தது, 1995 தை 17 நிலநடுக்கத்தில பெரும்பாலும் விழுந்து போச்சு. ஃபுஷிமியில கெக்கெய்கான் இருக்கு, 1637 இல தொடங்கினது, அதுகும் மியூசியம்தான், உள்ள போகச் சின்னக் காசு, ருசி பாக்கிறதும் அதுக்குள்ளயே அடங்கும். கெய்ஹான் ரெயினில சூஷோஜிமா இறக்கம். ஃபுஷிமி இனாரி கோயிலும் அதே லைனில, அம்மாவுக்கும் ஒரு கோயில் பாத்த மாதிரி இருக்கும். அந்தத் தெருவும் வடிவு, வாய்க்கால் ஓரமா கறுத்த பலகைச் சுவரும் ஓடுமா நீட்டுக்குப் போகும்.

அப்பாவுக்கு மெய்யா வேலை நடக்கிறதைக் காட்டோணும் எண்டா சின்னக் குரா ஒண்டுதான் பிடிக்கோணும். அதுக்கு முதலே எழுதிக் கேக்கோணும், ஜப்பான் பாசையிலயே எழுதினா நல்லது, தம்பியை எழுதச் சொல்லுங்கோ. நான் முதல் வருசம் ஒண்டும் கேக்காமல் ஒரு சின்னக் குரா வாசலில போய் நிண்டனான், மாசிக் குளிர், ஒரு வயசுபோன மனிசன் வந்து பத்துத் தரம் குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்புக் கேட்டு, கடைசியில உள்ள விடாமலே அனுப்பிவிட்டார். அவரில பிழை சொல்ல ஏலாது. வேலை நடக்கிறதே குளிர் காலத்தில, ஐப்பசியில தொடங்கிப் பங்குனி மட்டும், அந்தநேரம் வெளியாக்களின்ர உடுப்போட கண்ட கிருமியும் உள்ள போயிடும் எண்டு பயப்பிடுவினம். சில இடங்களில அந்தச் சீசன் முழுக்க ஒருத்தரையும் விடுறதேயில்லை.

மார்கழிக் கடைசி வேண்டாம். புது வருசத்துக்கு முன்னுக்கும் பின்னுக்கும் சேத்து ஒரு கிழமை எல்லாம் பூட்டு, மியூசியமும்தான். பொங்கல் முடிச்சு வாங்கோ. கார் ஹயர் பண்ணுற எண்ணம் இருந்தா ஓட்டுறவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது, பக்கத்தில இருக்கிறவருக்கும் சேத்துத் தண்டனை இருக்கு இஞ்ச. சைக்கிளுக்கும் சட்டம் இருக்கு, சிரிக்காதேங்கோ.

பருத்தித்துறைவடை:

ஊரில கோயில் குளம் எவ்வளவு கிடக்கு, இவ்வளவு காசு செலவழிச்சு பிளேன் ஏறி வெறிக்கடை பாக்கப் போறியளோ. வயசுபோன மனிசனுக்குச் சீனி வருத்தம் எண்டும் நீங்களே சொல்லுறியள், நல்ல பிள்ளையள்தான்.

மதுவம்:

பருத்தித்துறை அண்ணை, கோவிக்காதேங்கோ, ஜப்பானில பெரிய கோயில் எதுக்குப் போனாலும் வாசலில வைக்கோல் சுத்தின சாக்கே பீப்பாயள் அடுக்கி வைச்சிருப்பினம், சாமிக்குக் குடுத்தது. கியோட்டோவில மட்சுவோ எண்டு ஒரு கோயில், சாக்கே செய்யிற ஆக்கள் அதைத்தான் கும்பிடுகினம். எங்கட ஊரிலயும் வைரவருக்கும் அண்ணமாருக்கும் மடை போடேக்க கள்ளு வைச்ச கோயில்கள் இருந்ததுதானே, இப்பதான் அதைக் கதைக்க வெக்கப்படுறம். 2024 மார்கழியில யுனெஸ்கோ சாக்கே செய்யிற கைவேலையை மரபுரிமைப் பட்டியலில சேத்தது. எங்கட ஆக்கள் பனையில ஏறிச் சீவுறதும் அதுக்குக் குறைஞ்ச வேலை இல்லை, ஆனா சீவுற மனிசனை இந்த ஊர் எந்தப் படிக்கட்டில நிப்பாட்டி வைச்சது எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

சரி விசயத்துக்கு வாறன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறனான் (பேரைப் பாத்தா விளங்கும், மதுவம் எண்டா ஈஸ்ற்), ஜப்பான் போனதில்லை, ஆனா இந்தப் புளிப்பு வேலையில பைத்தியம். கொக்குவிலான், அப்பாவுக்கு இதை முதலே சொல்லிப் போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ, அப்பதான் பாக்கிறது விளங்கும். பனையில இறங்கிறதில சீனி ஏற்கெனவே இருக்கு, காத்தில இருக்கிற மதுவம் விழுந்த உடன முட்டிக்குள்ளயே தன்ரபாட்டில புளிக்கும். அதை நிப்பாட்டத்தான் முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிப் புளிக்காத கருப்பணி எடுக்கிறது. அரிசியில சீனி இல்லை, மாப்பொருள்தான் இருக்கு, மதுவத்துக்கு அதைத் தின்னத் தெரியாது. அப்ப ஆராவது மாப்பொருளை உடைச்சுச் சீனியாக்கிக் குடுக்கோணும். அந்த வேலைக்கு ஜப்பான்காரர் ஒரு பூஞ்சணத்தைப் பிடிச்சு வைச்சிருக்கினம், கோஜி எண்டு பேர். அவிச்ச அரிசிக்கு மேல அதின்ர வித்தைத் தூவி, 30 பாகைக்கு மேல சூடான அறைக்குள்ள ரெண்டு நாள் வைச்சு வளர்க்கிறது. வெளியில பனி கொட்டேக்க அந்த அறைக்குள்ள ஆக்கள் வேர்க்க வேர்க்க நிப்பினமாம். எங்கட வீட்டில சோத்தில பூஞ்சணம் பிடிச்சா அம்மா வாய் காட்டுவா, அவையள் அதைக் குழந்தை மாதிரி இரவில எழும்பி எழும்பிப் பாக்கினம்.

உண்மையான கெட்டித்தனம் அதுக்குப் பிறகுதான். பியர் செய்யேக்க முதல் சீனியாக்கி, பேந்து மதுவம் போடுறது, ரெண்டு தனித்தனி வேலை. சாக்கேயில கோஜி, அவிச்ச அரிசி, தண்ணி, மதுவம் எல்லாம் ஒரே தொட்டிக்குள்ள. ஒரு பக்கத்தால கோஜி சீனியாக்க மற்றப் பக்கத்தால மதுவம் அதை மதுசாரமாக்கும், ரெண்டும் ஒண்டா நடக்கும். சீனி கொஞ்சம் கொஞ்சமா வாறதால மதுவம் களைக்காது, அதாலதான் வடிக்காமலே 20 வீதம் மட்டும் ஏறுது. எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டவும் மாட்டினம், நாலு நாளில மூண்டு தரமாப் போட்டு, பிறகு மூண்டு நாலு கிழமை குளிரில வைச்சு, அதுக்குப் பிறகுதான் பிழியிறது.

அரிசியை முதல் தீட்டுறதும் ஒரு கதை. நாங்கள் தவிட்டைப் போக்கத் தீட்டுறம், அவையள் அரிசியையே தீட்டித் தள்ளுகினம், வெளிப்பக்கத்தில இருக்கிற கொழுப்பும் புரதமும் ருசியைக் கெடுக்கும் எண்டு. கின்ஜோ எண்ட உயர்ந்த ரகச் சாக்கே எண்டா அரிசியில 60 வீதத்துக்கு மேல மிஞ்சக்கூடாது, தாய்கின்ஜோ எண்டா 50. பாதி அரிசி மாவாப் போகுது, ஆச்சி இருந்தா நெஞ்சில அடிச்சிருப்பா.

சுன்னாகம்_அக்கா:

நானும் அவரும் போன வருசம் ஃபுஷிமி போனனாங்கள், அவர் குடிப்பார், நான் தொடுறேல்லை. தம்பி, அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. சாராய நாத்தம் மாதிரி இல்லை, பழ வாசம்தான், கதலி வாழைப்பழம் கனிஞ்சு கிடக்கிற அறைக்குள்ள போன மாதிரி இருந்தது எனக்கு. அமசாக்கே எண்டு சுடச்சுட ஒண்டு விக்கிறவை, கோஜியும் அரிசியும் போட்டு இனிப்பாக் கஞ்சி மாதிரி, வெறி இல்லாதது. ஆனா கேட்டு வாங்கோணும், பிழிஞ்ச சக்கையில செய்யிற வகையும் இருக்கு, அதில லேசா மது இருக்கும். முந்தின காலத்தில பொம்பிளையளைக் குராவுக்குள்ளயே விடமாட்டினமாம், இப்ப பொம்பிளையளே தலைமை வேலைக்காரியா, அதைத் தோஜி எண்டுறது, இருக்கினம் எண்டு எங்களுக்கு விளங்கப்படுத்தின பிள்ளை சொன்னது.

முக்கியமான விசயம், வேலை நடக்கிற குராவுக்குப் போற நாள் காலமை நத்தோ சாப்பிடக்கூடாது. நத்தோ எண்டா நூல் நூலா இழுபடுற சோயாப் பயறு, ஹோட்டல் காலமைச் சாப்பாட்டில வைச்சிருப்பினம். அந்தக் கிருமி கோஜிக்கு எமன், ஆளோட உள்ள போனாக் காணுமாம். எங்களோட வந்த ஒரு ஜப்பான் பிள்ளை காலமை சாப்பிட்டனான் எண்டு உண்மையைச் சொல்லிப்போட்டு வாசலிலயே குந்தியிருந்தது, பாவம். சென்ற் அடிச்சுக்கொண்டும் போகாதேங்கோ.

ருசி பாக்கிறதுக்குத் தாறது சின்னக் கிண்ணம், வெள்ளைப் பீங்கான், அடியில நீல வட்டம் ரெண்டு கீறியிருக்கும், நிறமும் தெளிவும் பாக்கவாம். இடைக்கிடை பச்சைத்தண்ணி குடிக்கச் சொல்லுவினம், குடியுங்கோ. எங்கட அவர் "கள்ளு மாதிரித்தானே" எண்டு மடமடவெண்டு விழுங்கிப்போட்டு ரெயினில என்ர தோளில நித்திரை, கியோட்டோ ஸ்டேசனும் தாண்டிப் போச்சு. கள்ளைப் போல மூண்டு மடங்கு காரம், 15, 16 வீதம். 180 மில்லி ஒரு குவளை எண்டா அரை லீற்றர் பியருக்குச் சமன். அப்பாவுக்கு மருந்து குடுக்கிற டொக்டரிட்டக் கேட்டுப்போட்டுக் குடுங்கோ.

பேந்து ஒண்டு, நாமா எண்டு எழுதின போத்தல் வாங்காதேங்கோ. சூடாக்காத பச்சைச் சாக்கே, பிரிட்ஜிலயே இருக்கோணும். நாங்கள் தெரியாமல் வாங்கி சூட்கேசில ஒரு கிழமை வைச்சு, ஊருக்குக் கொண்டுவந்து திறந்தா அழுகின முட்டைக்கோவா மணம்.

கொக்குவிலான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்லை. மதுவம் அண்ணை எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன், ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னவர். அவற்ர கேள்வி, "அங்க எந்தத் தண்ணி? கிணத்துத் தண்ணியோ?" ரிக்கெற் தை 20 க்கு மாத்திப் பாக்கிறம். தம்பி ரெண்டு சின்னக் குராவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறான்.

நாடோடி_கோபே:

அப்பா கேட்டதுதான் கேள்வி. நதாவுக்குப் பேர் வந்ததே தண்ணியாலதான். நிஷினோமியாவில மியாமிசு எண்டு ஒரு கிணத்துத் தண்ணி, 1840 இல கண்டுபிடிச்சது எண்டு சொல்லுவினம், நிஷினோமியாவிலயும் உவோசாக்கியிலயும் குரா வைச்சிருந்த ஒருத்தர் ஏன் நிஷினோமியாச் சாக்கே மட்டும் திறமா வருது எண்டு தலையைப் பிச்சு, அரிசியை மாத்தி ஆக்களை மாத்திப் பாத்து, கடைசியில அந்தத் தண்ணியைப் பீப்பாயில மற்ற ஊருக்கு ஏத்திப் பாத்தவர். ஜப்பான் கணக்குக்கு அது வன்னீர், மதுவத்துக்கு வேணுமான உப்புகள் இருக்கு, இரும்பு அறவே குறைவு, இரும்பு இருந்தாச் சாக்கே நிறம் மாறிப்போகும். ஃபுஷிமித் தண்ணி மென்மை. அதால நதாச் சாக்கேயை ஆம்பிளைச் சாக்கே, ஃபுஷிமியை பொம்பிளைச் சாக்கே எண்டு பழைய ஆக்கள் சொல்லுறவை. கேத்திலில சுண்ணாம்பு படியிற எங்கட தண்ணியில செய்தா என்ன சாக்கே வருமோ :)

கொக்குவிலான்:

போட்டு வந்தாச்சு. வந்து பத்து நாள், குளிர்ல பிடிச்ச தடிமன் இன்னும் விடேல்லை.

ஹக்குட்சுரு மியூசியம் ஒரு நாள், அது நாடோடி அண்ணை சொன்ன மாதிரியே, அப்பா பொம்மையளுக்கு முன்னால நிண்டு "இவன் கையைப் பிழையாப் பிடிச்சிருக்கிறான்" எண்டு திருத்திக்கொண்டு நிண்டவர். ரெண்டாவது, தம்பி எழுதின குரா ஒண்டு ஓமெண்டு சொன்னது, ஃபுஷிமிக்குக் கிட்ட, ஆறேழு பேர் வேலை செய்யிற சின்ன இடம். வாசலில சீடர் இலையில செய்த பெரிய பந்து தொங்குது, பச்சையா இருந்தா புதுச் சாக்கே வந்திட்டுது எண்டு அர்த்தமாம், காயக் காயக் கபில நிறமாகும். அப்பா உடன "எங்களுக்கு இப்பிடி ஒண்டும் தேவைப்படேல்லை, மணமே காணும்" எண்டார்.

காலமை எட்டு மணிக்கு வரச் சொன்னவை, அரிசி அவிக்கிற நேரம். நாங்கள் சோறு வடிக்கிற மாதிரி இல்லை, ஆவியிலதான் அவிக்கினம், அம்மா பாத்த உடன "இது புட்டெல்லோ" எண்டா. நீத்துப்பெட்டியை வீட்டளவுக்குப் பெருப்பிச்ச மாதிரி ஒரு பாத்திரம், ஆவி கூரைக்குப் போகுது, ரெண்டு பெடியள் மண்வெட்டி மாதிரி ஒண்டால அள்ளுறாங்கள். கையில கொஞ்சம் தந்தவை, வெளியில இறுக்கம், உள்ளுக்கு மெத்தெண்டு, அதுதான் சரியான பதமாம். கோஜி அறைக்குள்ள விடேல்லை, கதவில இருந்த சின்னக் கண்ணாடியால பாத்ததுதான்.

பிறகு தொட்டியள். அதுக்கு மேல பலகைத் தட்டு, ஏறி நிண்டு பாக்கலாம், ஆனா தலையை உள்ள விடவேண்டாம் எண்டு விளங்கப்படுத்தினவா திருப்பித் திருப்பிச் சொன்னவா, நுரைக்கு மேல காபனீரொட்சைட்டு நிக்கும், மயங்கி விழுந்தா ஆள் தப்பாது. அப்பா கம்பியைப் பிடிச்சுக்கொண்டு ஒரு முழம் தள்ளி நிண்டு மணந்தவர், கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. தொட்டி நுரைச்சு முணுமுணுக்கிற சத்தம் அப்பிடியே கள்ளு முட்டிதான். பேந்து தம்பியைக் கொண்டு அவாவிட்டக் கேட்டது, "இது பின்னேரத்துக்குப் புளிக்காதோ?" எண்டு. 60, 65 பாகைக்குச் சூடாக்கிப் போத்தலில விடுறம் எண்டா அவா. எங்கட போத்தல் கள்ளும் சூடாக்கிறதுதான் எண்டு அப்பாவுக்கு ஒரே புழுகம். அதுக்குப் பிறகு கேள்வி மற்றப் பக்கமாப் போச்சு, அவா பனை எவ்வளவு உயரம், ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தினை மரம், விழமாட்டினமோ எண்டு கேட்டுக்கொண்டேயிருந்தவா, தளைநாரை எப்பிடிக் காலில போடுறது எண்டு அப்பா தன்ர மஃப்ளரைக் கழட்டி நிலத்தில இருந்து செய்து காட்டினவர். வேலை செய்துகொண்டு நிண்ட பெடியளும் வந்து பாத்தவங்கள்.

ருசி பாக்கிற இடத்திலதான் கதையே. டொக்டர் ரெண்டு சின்னக் கிண்ணம் மட்டும் எண்டு சொல்லி விட்டவர். முதல் கிண்ணத்தை அப்பா மணந்து, வாயில கொஞ்சம் உருட்டி, "தண்ணி விட்டிருக்கு" எண்டார். எனக்குச் சரியான வெக்கமாப் போச்சு, தம்பி மொழிபெயர்க்க மாட்டன் எண்டு நிண்டவன். அப்பா விடேல்லை, "சொல்லு, சொல்லு" எண்டு. கடைசியில சொன்னான். அவா முதல் கண்ணை முழிச்சு, பேந்து விழுந்து விழுந்து சிரிச்சவா. 20 வீதத்தில வாறதைத் தண்ணி விட்டு 15, 16 க்குக் கொண்டு வாறதுதானாம் வழமை, களவு இல்லை. உள்ள போய்த் தண்ணி விடாததை, கென்ஷு எண்டு பேர், ஒரு சொட்டுக் கொண்டுவந்து தந்தவா. அப்பா குடிச்சிட்டுத் தலையை ஆட்டினார், "இது முட்டியால நேர வந்தது."

அம்மா அமசாக்கே ரெண்டு கப் குடிச்சவா. வாசலில பிழிஞ்ச சக்கை விக்கினம், கசு எண்டு பேர், வெள்ளையாத் தட்டைத் தட்டையா இருக்கு, வாசத்தைப் பாத்து அப்பத்துக்குக் கள்ளுக்குப் பதிலா விட்டுப் பாப்பம் எண்டு ஒரு பக்கற் வாங்கிக்கொண்டு வந்தவா. நேற்று இரவு மாவில கரைச்சு வைச்சது, விடியப் பாத்தா வைச்சது வைச்சபடி, ஒரு பொங்கலும் இல்லை. அப்பா ஒண்டும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு தவறணைக்குப் போட்டார்.

மதுவம்:

சக்கையில உயிரோட மிஞ்சிற மதுவம் கொஞ்சம்தான் தம்பி, அதுகும் வழி முழுக்கப் பயணம் செய்து வந்தது. இளம்சூட்டுத் தண்ணியில கரைச்சு, ஒரு கரண்டி சீனி போட்டு ஒரு நாள் தனிய வைச்சுப் பாருங்கோ, முட்டை முட்டையா வந்தா மாவில விடலாம், வராட்டி மீன் குழம்புக்குள்ள போடச் சொல்லுங்கோ.

சுன்னாகம்_அக்கா:

அவா விரதக்காரி எண்டு முதலே சொல்லியிருக்கிறார், மீனாம் மீன்.

பருத்தித்துறைவடை:

அப்பா "தண்ணி விட்டிருக்கு" எண்டு சொன்ன இடத்தை வீட்டில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினனான். அவர் இருந்த தவறணை எது தம்பி?

கொக்குவிலான்:

அண்ணை, இடம் போட்டா அவர் ஏசுவார். அந்தப் பக்கம் கள்ளுக்குப் போனவையாயிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் :)